டி டிரைவில் வைத்தவை

7 அக்டோபர் 2025, செவ்வாய்

இன்று ஆபீஸில் ஸ்ரீதரின் கம்ப்யூட்டர் செத்தது. எங்கள் கணக்குப் பிரிவுக்குத் தலைவர், எனக்கு மேலதிகாரி, மே மாத வெயிலிலும் டை கட்டி வருகிறவர். அவருடைய டெஸ்க்டாப்பைப் பார்த்தால் டெல்லி சரோஜினி நகர் நடைபாதைக் கடையே தோற்றுப்போகும். பட்ஜெட் அங்கே, ஆடிட் பதில் அங்கே, மகள் கல்யாண ஆல்பம் அங்கே, யாரோ சாமியாரின் பிரசங்கமும் அங்கே. ஃபைல்களுக்குப் பெயர் வேறு: நியூ, நியூ நியூ, ஃபைனல், ஃபைனல் கரெக்டட்.

விண்டோஸ் படுத்ததும் அத்தனையும் சேர்ந்து படுத்துவிட்டது. "கதிரவன், ஏதாவது பண்ண முடியுமா பாருங்க" என்று என் மேஜைக்கே வந்துவிட்டார்.

"டி டிரைவ்ல ஏதாவது வச்சிருக்கீங்களா சார்?" என்றேன். வைத்திருக்கமாட்டார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

"டி-யா? அது எதுக்கு?"

அது எதுக்காம். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னேன். கம்ப்யூட்டரை ஓட்டுகிற விண்டோஸ் சி-யில் இருக்கும். நம்முடைய சொந்த ஃபைல்கள் டி-யில் இருக்க வேண்டும். விண்டோஸ் என்றைக்கானாலும் கெடும். கெட்டால் சி-யைத் துடைத்துவிட்டுப் புதிதாகப் போட்டுக்கொள்ளலாம், டி-யில் ஒரு தூசு விழாது. இரண்டையும் ஒன்றாகக் கொட்டி வைக்கிறவனுக்கு அழத்தான் நேரம் இருக்கும். கடைசி வாக்கியத்தைச் சொல்லவில்லை. முகத்தில் தெரிந்திருக்கும்.

மனிதர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். கல்யாண ஆல்பம் வேறெங்கும் இல்லையாம். பாவம் என்று தோன்ற வேண்டும். தோன்றவில்லை.

9 அக்டோபர், வியாழன்

வீட்டிலும் ஒரு ஸ்ரீதர் உண்டு. என் மனைவி அம்சவேணி. எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அவளுக்கென்று ஒரு கணக்குத் திறந்து கொடுத்தேன். இன்று எதற்கோ உள்ளே போனேன். பின்னால் இருக்கிற படமே தெரியவில்லை, அவ்வளவு ஃபோல்டர். ‘முத்துமாரி’, ‘முத்துமாரி தங்கச்சி’, ‘செங்கம்மாள் ரேஷன்’, ‘கோணக்கண்ணன் வீடு’. கோணக்கண்ணனாம். இது ஒரு பெயர்.

எல்லாம் அந்த நாலா, அதாவது சாக்கடைக் கால்வாய், ஓரத்துத் தமிழ்க் குடிசைக்காரர்களின் காகிதம். முத்துமாரி எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்கிறவள். குடிசைகளைக் காலி செய்யச் சொல்லி ஏதோ அரசு அலுவலகம் ஒட்டிய நோட்டீஸை வசந்த காலத்தில் ஒருநாள் கொண்டுவந்து, "அக்கா, இதுல இன்னா எழுதிக்கீது?" என்று கேட்டாள். அன்றிலிருந்து எங்கள் சாப்பாட்டு மேஜை தாலுகா ஆபீஸ். குறிப்பிட்ட வருடத்துக்கு முன்பிருந்தே அங்கே குடியிருப்பதாகக் காட்டினால் ஊருக்கு வெளியே ஃபிளாட் தருவார்களாம். ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை, பிள்ளையின் தடுப்பூசி அட்டை என்று ஒவ்வொன்றாக வாங்கி, போனில் படம் பிடித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறாள் இவள்.

ராத்திரி சாப்பிடும்போதும் இதே பேச்சு. ஆகஸ்ட் மழையில் நாலாத் தண்ணீர் உள்ளே புகுந்து ஏதேதோ ஆகிவிட்டதாம். நான் நியூஸ் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இருபது வருடம் டெல்லியில் இருக்கிறவர்களுக்கு ஒரு காகிதத்தைப் பத்திரமாக வைக்கத் தெரியாதா? அதைக் காப்பாற்றப் போன என் மனைவிக்கும் தெரியாது. பொருத்தமான கூட்டம்.

12 அக்டோபர், ஞாயிறு

மைத்துனன் ஜெகன் குர்கானிலிருந்து சாப்பிட வந்தான். ஐ.டி. கம்பெனி. கழுத்தில் அடையாள அட்டையைக் கழற்றாமலே தூங்குவான் என்று நினைக்கிறேன்.

பழைய விண்டோஸுக்கு இந்த மாதத்தோடு கும்பிடு போடுகிறார்கள், வீட்டுக் கம்ப்யூட்டரில் புதிதாகப் போடப்போகிறேன் என்றேன். உடனே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தான், அக்காவோடத எல்லாம் மொதல்ல க்ளவுட்ல ஏத்திருவோம். பத்து நிமிஷ வேலை."

"யாரோ ஒருத்தன் கம்ப்யூட்டர்ல நம்ம ஃபைல வைக்கிறதுக்குப் பேருதான க்ளவுட்?"

"இப்ப எல்லாரும் அப்படித்தான வைக்காங்க."

எல்லாரும். இதுதான் இந்தத் தலைமுறையின் ஒரே வாதம். எல்லாரும் வைக்கிறார்கள், எல்லாரும் போடுகிறார்கள். சொந்தமாக ஒரு டிஸ்க்கைப் பிரித்து வைக்கத் துப்பில்லை. வாய் மட்டும் அமெரிக்கா வரை.

இந்த வீட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் இருக்கிறது. ஒன்றில் சிஸ்டம், ஒன்றில் ஃபைல்கள். என் ஃபோல்டருக்குத் தனியாக வெளி டிஸ்க்கிலும் ஒரு பிரதி உண்டு, பீரோவில். இதைவிட உன் க்ளவுட் என்ன கிழித்துவிடும் என்று கேட்டேன். அவன் அக்காவைப் பார்த்தான். அவள் ரசத்தை ஊற்றிக்கொண்டே, "விடுடா, அத்தான் பாத்துக்கிடுவாங்க" என்றாள்.

15 அக்டோபர், புதன்

அம்சவேணியிடம் கெடு சொல்லிவிட்டேன். தீபாவளி முடிந்த ஞாயிறு சி-யைத் துடைக்கிறேன். அதற்குள் டெஸ்க்டாப்பில் இருக்கும் குப்பையை எல்லாம் டி டிரைவுக்கு மாற்ற வேண்டும். எப்படி என்று ஒருமுறை செய்து காட்டினேன். தலையாட்டினாள். இந்தத் தலையாட்டலுக்கு இருபத்தோரு வருட அனுபவம் எனக்கு உண்டு.

20 அக்டோபர், தீபாவளி

புகை. கீழ்வீட்டுப் பஞ்சாபிக்காரன் காசை வெடித்துத் தீர்த்தான். அவனுக்கு மூச்சுத்திணறல் என்று இன்ஹேலர் வைத்திருக்கிறான், அவனே.

25 அக்டோபர், சனி

நாளை வேலை. இன்று போய்ப் பார்த்தேன். அம்சவேணியின் டெஸ்க்டாப் அப்படியே இருக்கிறது. முத்துமாரி, முத்துமாரி தங்கச்சி, கோணக்கண்ணன், ஒரு பயல் அசையவில்லை. பத்து நாள் கொடுத்தேன். செய்து காட்டினேன். என்ன சொன்னாலும் ஏறாத மண்டை.

கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். ஏன் கேட்க வேண்டும்? ஸ்ரீதருக்கு நடந்தது இவளுக்கும் ஒருமுறை நடக்கட்டும். பட்டால்தான் தெரியும். காகிதத்தின் அசல் அந்தந்த ஆட்களிடம் இருக்கத்தானே செய்கிறது. திரும்ப ஒருமுறை படம் பிடித்துக்கொள்ளட்டும்.

26 அக்டோபர், ஞாயிறு

பிற்பகல். அம்சவேணி குடிசைகளுக்குப் போயிருக்கிறாள். காலையில் உட்கார்ந்தேன், எல்லாம் முடிந்தது. இன்ஸ்டால் செய்கிற திரையில் சி, டி என்ற எழுத்து எதுவும் வராது. டிஸ்க் 0, டிஸ்க் 1 என்றுதான் வரும். விவரம் தெரியாதவன் அங்கேதான் தடுமாறுவான். 0-வில் இருந்ததை எல்லாம் அழித்தேன், அதிலேயே புது விண்டோஸ். திறக்கக் கொஞ்சம் சுணங்குகிறது. முதல் தடவை அப்படித்தான்.

அவளுடைய டெஸ்க்டாப் ஒழிந்தது. வந்து என்ன சொல்கிறாள் பார்ப்போம்.

அதே நாள், மாலை

டி-யைத் திறந்தேன். உள்ளே பழைய விண்டோஸ் இருக்கிறது.

புரிய ஒரு நிமிடம் ஆயிற்று. இரண்டு டிஸ்க்கும் ஒரே அளவு. எது 0, எது 1 என்று நான் பார்க்கவே இல்லை. சிஸ்டம் இருந்த டிஸ்க்தான் 0 என்று — தெரியும் என்று நினைத்தேன். நான் அழித்தது ஃபைல்கள் இருந்த டிஸ்க்.

முதலில் ஓடிப்போய் பீரோவைத் திறந்து வெளி டிஸ்க்கை எடுத்துச் சொருகினேன். என் ஃபோல்டர் முழுசாக இருந்தது. உயிர் வந்தது. உடனே அத்தனையையும் கம்ப்யூட்டருக்குக் காப்பி போட்டேன். ஊட்டி, வைஷ்ணோதேவி போட்டோக்கள், பி.எஃப். கணக்கு, பழைய பாட்டுகள், எல்லாம். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே நினைத்தேன்: நல்லவேளை, இவள் டெஸ்க்டாப்பை விட்டு நகர்த்தவில்லை. நான் துடைக்க நினைத்த டிஸ்க் துடைபடவில்லை. ஆகவே இவளுடையது அப்படியே இருக்கும். சோம்பேறித்தனமும் சில சமயம் காப்பாற்றும் என்று சிரித்துக்கொண்டேன்.

பழைய டெஸ்க்டாப்பைத் திறந்தேன். எல்லாம் இருந்தன. ‘முத்துமாரி’யைத் தொட்டேன். இந்த இடம் இப்போது இல்லை என்றது. ‘செங்கம்மாள் ரேஷன்’. இல்லை என்றது. ஒவ்வொன்றின் மூலையிலும் சின்னதாக ஒரு வளைந்த அம்பு. நேற்று அதை நான் கவனிக்கவில்லை.

ஃபைல்களை டி-க்கு மாற்றிவிட்டு, எடுக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று டெஸ்க்டாப்பில் குறுக்குவழி மட்டும் வைத்திருக்கிறாள். நான் சொன்னதைச் செய்திருக்கிறாள். சொன்னதற்கு மேலேயும் செய்திருக்கிறாள்.

வந்துவிட்டாள். சமையலறையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. இன்றைக்குச் சொல்ல வேண்டாம். அசல்தான் இருக்கிறதே. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

27 அக்டோபர், திங்கள்

ஆபீஸிலிருந்து வந்து சொன்னேன். டிஸ்க் மாறிவிட்டது, உன் ஃபைல்கள் போய்விட்டன என்று இரண்டே வரி.

கேரட் சீவிக்கொண்டிருந்தாள். நிறுத்தினாள்.

"டி-லதான வச்சேன். நீங்க சொன்ன மாதிரிதான வச்சேன்."

"ஆமா."

"அப்ப உங்களோடது?"

"இருக்கு. அதுக்குத் தனி பேக்கப் இருக்குல்லா."

"என்னோடதுக்கு?"

அவள் எழுந்து கை கழுவினாள். சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அதற்குப் பதில்கூட யோசித்து வைத்திருந்தேன். "அசல் அவங்ககிட்ட இருக்குல்ல, திரும்ப எடுத்துக்கலாம்" என்றேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். என்னை இப்படி அவள் பார்த்ததில்லை. ஆபீஸில் ஸ்ரீதரை நான் பார்ப்பேனே, அப்படி.

"ஆகஸ்ட்ல தண்ணி வந்துச்சுன்னு சொன்னேன்லா. பாதிப்பேருக்கு அசல் இல்லன்னு சொன்னேன். நாம எடுத்து வச்சதுதான் அவங்களுக்கு மிச்சம்னு சொன்னேன். நவம்பர் பதினாலு ஹியரிங்னும் சொன்னேன். எங்க இருந்தீங்க?"

எதிரே இருந்தேன். நியூஸ் பார்த்துக்கொண்டு.

போனில்? போனில் இடம் போதவில்லை என்று ஏற்ற ஏற்ற அழித்துவிட்டாளாம். அதுவும் நான் சொல்லிக் கொடுத்ததுதான். ஒரே ஃபைலை நாலு இடத்தில் வைக்காதே, ஒழுங்காக ஒரு இடத்தில் வை என்று. எல்லாவற்றையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எவ்வளவு சொல்லியிருக்கேன்யா நான்.

28 அக்டோபர், செவ்வாய்

அம்சவேணி ஜெகனைக் கூப்பிட்டுவிட்டாள். என்னைக் கேட்கவில்லை. வந்தவன் செருப்பைக் கழற்றும்போதே, "அத்தான், கம்ப்யூட்டர் ஓடுதா?" என்றான். ஓடுகிறது என்றேன். இரண்டு நாளாக நான் அதில் ஏதேதோ மீட்பு மென்பொருளை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆஃப் பண்ணுங்க. மொதல்ல ஆஃப் பண்ணுங்க."

அழித்த ஃபைல் உடனே மறைந்துவிடாது, அதன் மேல் வேறு எதையாவது எழுதும்வரை டிஸ்க்கில் கிடக்கும் என்றான். எனக்குத் தெரியாததா? தெரியும். தெரிந்துதான் இரண்டு நாள் ஓட்டியிருக்கிறேன்.

"புதுசா ஏதாவது காப்பி பண்ணீங்களா?"

"என் ஃபோல்டர."

"இதே டிஸ்க்குலயா?"

தலையாட்டினேன். அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து டிஸ்க்கைக் கழற்றினான். கழற்றும்போது மெதுவாகச் சொன்னான். என்னிடமா, அக்காவிடமா தெரியவில்லை. "அவங்க காகிதம் இருந்த இடத்துல அத்தானோட ஊட்டி போட்டோ உக்காந்திருக்கு. எவ்வளவு தேறும்னு பாப்போம்."

ஒரு இளக்காரம் இல்லை அவன் குரலில். அதுதான் தாங்கவில்லை. நானாக இருந்தால் விட்டிருப்பேனா?

29 அக்டோபர், புதன்

ஸ்ரீதர் கேட்டார், கல்யாண ஆல்பத்துக்கு ஏதாவது வழி உண்டா என்று. அந்தச் செத்த கம்ப்யூட்டரை ஆன் பண்ணாமல் அப்படியே வைத்திருங்கள் சார், என் மைத்துனனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

2 நவம்பர், ஞாயிறு

ஜெகன் ஒரு லேப்டாப்போடு வந்தான். மீட்டது எல்லாம் அதில் இருக்கிறது. ஆயிரக்கணக்கில். ஆனால் ஒன்றுக்கும் பெயர் இல்லை. பெயர், ஃபோல்டர் எல்லாம் போய்விட்டன. வெறும் எண். முத்துமாரி, தங்கச்சி, கோணக்கண்ணன் என்று அவள் பிரித்து வைத்த வீடுகள் எல்லாம் இடிந்து ஒரே குவியலாகக் கிடக்கின்றன. நடுநடுவே என் பழைய போட்டோக்களும்.

அந்தப் பெயர்களைப் பார்த்துத்தான் நான் அன்றைக்குச் சிரித்தேன்.

அம்சவேணி பார்க்க ஆரம்பித்தாள். மங்கலான வாக்காளர் அட்டை, பாதிப் படம், பக்கம் மாறிய ரேஷன் கார்டு. எழுத்து தெரிகிற இடத்தில் அவளுக்கு ஆள் தெரிகிறது. தெரியாத இடத்தில் முகத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். பத்து வருடத்துக்கு முந்திய முகம். "அங்க கொண்டுபோயி அவங்களையே பாக்கச் சொல்லணும்" என்றாள் ஜெகனிடம். அவனுக்கு ஆபீஸ் நெருக்கடி.

"நான் வாரேன்" என்றேன்.

"லேப்டாப்ப தூக்க ஆள் வேணும்" என்றாள். அது சம்மதமா என்று நான் கேட்கவில்லை.

8 நவம்பர், சனி

போனோம். ஜனக்புரியில் இத்தனை வருடம் இருந்தும் நாலாவைத் தாண்டி நான் போனதில்லை. நாற்றத்துக்குக் கர்ச்சீப்பை எடுத்தேன், அம்சவேணி முன்னால் நடந்துகொண்டே திரும்பிப் பார்த்தாள், பைக்குள் வைத்துவிட்டேன்.

முத்துமாரி வீடு. ஓர் அறை, எங்கள் சமையலறை அளவு. அரிசி டிரம்மின் மேல் ஒரு பலகை போட்டு லேப்டாப்பை வைத்தேன். பெண்கள் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். முத்துமாரி எல்லாரிடமும், "அக்கா வூட்டு சாரு. கம்ப்யூட்டரு கெட்டுப்போச்சில்ல, சரிபண்ணிக் குடுக்க வந்திருக்காரு, லீவு நாளுன்னுகூடப் பாக்காம" என்றாள். ஒருத்தி எனக்கு ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

அம்சவேணியைப் பார்த்தேன். அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒவ்வொரு படமாக நகர்த்தினேன். "நில்லு நில்லு, அது கோணக்கண்ணன் பொண்டாட்டி." "அய்ய, எங்க வூட்டுக்காரு, அப்ப மீசை வச்சிருந்தாரு." சிரிப்பு. நடுவில் ஊட்டி ஏரியில் நானும் அம்சவேணியும் படகில். "இது யாரு, அக்காவா? எம்மாம் ஒல்லியா இருந்திருக்க." அதற்கும் சிரிப்பு. அவர்கள் சொல்லச் சொல்ல நான் பெயரை எழுதினேன். கோணக்கண்ணன் வீடு என்று நானே தட்டச்சு செய்தேன். அவருக்கு நிஜப்பெயர் அருள்மணி. அந்தச் சந்தில் அருள்மணி என்று மூன்று பேர் இருக்கிறார்கள். ஃபோல்டருக்கு வேறு என்ன பெயர் வைப்பாள்?

சாயங்காலம் செங்கம்மாளின் கார்டு வந்தது. அறுபது வயது இருக்கும், இப்போது தனியாள், கட்டட வேலைக்குப் போகிறவர். மேல் பாதி பளிச்சென்று இருந்தது. முகம், பெயர், புருஷன் பெயர். கீழ்ப் பாதி வெறும் சாம்பல் நிறம். கார்டு கொடுத்த வருடம் கீழ்ப் பாதியில்.

"மிச்சம் எங்க?" என்றார்.

"அவ்வளவுதான் வந்திருக்கு."

"அசலு தண்ணில போயிடுச்சே. இது நல்லா இருந்துச்சே, அம்சா காட்டுச்சே எனக்கு. எப்பிடிக் கெட்டுச்சி?"

கம்ப்யூட்டர் கெட்டுவிட்டது என்று சொல்லியிருக்கலாம். எல்லாரும் அதைத்தான் நம்பிக்கொண்டிருந்தார்கள். "நான்தான் அழிச்சேன். மாத்தி அழிச்சிட்டேன்" என்றேன்.

செங்கம்மாள் என்னைப் பார்த்தார். பிறகு அம்சவேணி பக்கம் திரும்பிச் சொன்னார்: "இந்தாள இனிமே கூட்டினு வராத."

ஸ்டூலை யாரும் கேட்கவில்லை. நானே எழுந்து வெளியே நின்றேன்.

9 நவம்பர், ஞாயிறு

காலையில் அவள் காபி கொடுக்கும்போது சொன்னேன்: "டிஸ்க் மாறினது ஒரு தப்பு. யாருக்கும் நடக்கும்."

"அது நடக்கும்" என்றாள். "அதுக்கு நான் ஒண்ணும் சொல்லல. ஆனா உங்களோடத மட்டும் தனியா எடுத்து வச்சிருந்தீங்கல்லா, அது கைதவறி நடந்ததில்ல. நான் அதே கம்ப்யூட்டர்லதான் இருந்தேன். உங்களுக்கு நான் ஞாபகமே வரல."

டம்ளரை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ஞாபகம் வந்தது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுடையது அழியட்டும் என்று நினைத்துத்தானே உட்கார்ந்தேன். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டேன். கோழை.

14 நவம்பர், வெள்ளி

ஹியரிங். லீவு போட்டேன். பிரிண்ட் எடுத்த கட்டுகளை நான் தூக்கினேன்; அவர்களுக்காக வாதாடும் வக்கீல் ப்ரீதாவும் அம்சவேணியும் உள்ளே போனார்கள். ப்ரீதா டெல்லியிலேயே பிறந்த பெண். "அங்கிள், நீங்க பஹார் வெயிட் பண்ணுங்க" என்றாள். நியாயம். வெளியே வாசலில் நின்றேன். கதவு திறந்தே இருந்தது.

மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்க்காமலே கூப்பிட்டான். ஏதோ அவன் சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல் ஒரு சலிப்பு. பழக்கதோஷத்தில் அவன் கம்ப்யூட்டரை எட்டிப் பார்த்தேன். டெஸ்க்டாப் முழுக்கக் குப்பை. நக்கல் செய்ய எனக்கு ஒன்றும் வரவில்லை. அந்தக் குப்பைக்குள்தானே இவர்கள் எல்லாரும் இருக்கிறார்கள் என்று பயம்தான் வந்தது.

முத்துமாரிக்குச் சரி என்றான். தங்கச்சிக்குச் சரி. கோணக்கண்ணனுக்கு இரண்டு தடவை பார்த்துவிட்டுச் சரி. செங்கம்மாளின் காகிதத்தைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தான், பின்பக்கம் ஏதோ இருக்கும் என்பதுபோல். "சால் கிதர் ஹை?" என்றான். வருடம் எங்கே.

ப்ரீதா ஹிந்தியில் விளக்கினாள். வெள்ளம், அசல் போனது, படம் கெட்டது. கெடுத்தவனைப் பற்றிச் சொல்லவில்லை. குமாஸ்தா தலையை ஆட்டிவிட்டு, இதே வருடக்கணக்குக்கு வேறு ஆதாரம் கொண்டுவந்தால் டிசம்பர் கடைசிவரை ஏற்கலாம், இல்லையென்றால் பெயர் நீக்கம் என்று எழுதினான். செங்கம்மாள் அந்தப் பாதிக் கார்டைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

வெளியே வரும்போது என்னைக் கடந்துதான் போக வேண்டும். போனார்.

23 நவம்பர், ஞாயிறு

அம்சவேணிக்கு ஜெகன் ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்தான். என்னவோ க்ளவுடும் போட்டுவிட்டான். அதற்கு மேல் ஒரு பென் டிரைவ், அது ப்ரீதாவிடம் இருக்குமாம். கடவுச்சொல்லை அம்சவேணியே அமைத்தாள். நான் சோபாவில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். அவள் தட்டும்போது லேப்டாப்பைக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

2 டிசம்பர், செவ்வாய்

ஸ்ரீதருடைய மகளின் கல்யாண ஆல்பத்தை ஜெகன் மீட்டுவிட்டான், பெரும்பகுதி. ஸ்ரீதர் ஸ்வீட் பாக்ஸோடு என்னிடம் வந்து, "உங்கள மாதிரி விவரம் தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருக்கிறது எவ்வளவு பெரிய விஷயம்" என்றார். பெட்டியை வாங்கி ப்யூனிடம் கொடுத்தேன்.

13 டிசம்பர், சனி

பதினோரு மணிக்கும் பனிமூட்டம் விலகவில்லை. அம்சவேணி மதர் டெய்ரிக்குப் போயிருந்தாள். மணி அடித்தது. செங்கம்மாள்.

ஸ்வெட்டருக்கு மேல் ஆண்கள் கோட்டு ஒன்றைப் போட்டிருந்தார். மார்போடு ஒரு பிளாஸ்டிக் உறை. உள்ளே மஞ்சளாக ஒரு காகிதம். மகள் படித்த பள்ளிக்கூடத்துக்கு நாலு தடவை அலைந்து பழைய பதிவேட்டிலிருந்து சான்றிதழ் வாங்கியிருக்கிறாராம்; முகவரியும் வருடமும் அதில் இருக்கின்றனவாம். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. பிறகு அம்சவேணியிடம் சொல்லும்போது கேட்டேன்.

என்னிடம் கேட்டது, "அம்சா இல்லியா?" மட்டும்.

"பால் வாங்கப் போயிருக்கா. இப்ப வந்துருவா. உள்ள வாங்கம்மா."

"நிக்கிறேன்."

"குளிருதே. அதக் குடுங்க, நான் பாத்து வைக்கிறேன்" என்று கையை நீட்டிவிட்டேன். யோசிக்காமல் நீட்டிய கை. அவர் உறையைக் கோட்டுக்குள் தள்ளிப் பட்டனைப் போட்டார். கோபமாக இல்லை. மழை வந்தால் துணியை எடுத்து உள்ளே வைப்போமே, அந்த மாதிரி.

நான் உள்ளே போய் டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். கொண்டுவந்து கொடுத்தபோது வாங்கமாட்டார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டார். ஒரு கையை உறைக்கு மேல் வைத்துக்கொண்டு மறு கையால் ஊதி ஊதிக் குடித்தார், மாடிப்படி ஓரத்தில் நின்றபடியே. நானும் கதவைச் சாத்தாமல் நின்றேன்.

"சர்க்கரை சரியா இருக்காம்மா?"

"இருக்குது."

கீழே கேட் சத்தம் கேட்டது. அம்சவேணி ஏறி வருகிறாள். செங்கம்மாள் காலி டம்ளரை என்னிடம் நீட்டிவிட்டு, கோட்டுப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தார்.